அடி வாங்குபவரைப் பாருங்கள்: ரெஸ்லிங் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு டென் ஸ்போர்ட்ஸ் வந்த புதிதில், 2002, 2003 வாக்கில், ரெஸ்லிங் நேரத்துக்கு டிவி முன்னால் முதல் ஆளாக வந்து உட்காருவது எங்கள் அப்பத்தாதான். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. யார் பேரும் தெரியாது. அண்டர்டேக்கர் அவளுக்கு "எழவு வீட்டுக்காரன்", ரே மிஸ்டீரியோ "முகமூடிப் பொடியன்". ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து ஒருத்தன் நாற்காலியைத் தூக்கினால் போதும்: "ஏலே, அந்தக் கோடு போட்ட சட்டைக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று வீடு அதிரும்.

நாங்கள் பெரிய ஞானிகள் மாதிரி, "அப்பத்தா, இதெல்லாம் சும்மா நடிப்பு" என்போம்.

"எனக்குத் தெரியாதாக்கும். அவன் விழுந்து கெடக்கான் பாரு. எந்திரிப்பானா மாட்டானா, அதச் சொல்லு" என்பாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ரெஸ்லிங் பார்த்தாயிற்று. ஒரு மேட்ச் எப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாட்டோடு நின்றுவிட்டவர்களுக்கும், ரெஸ்லிங் என்றாலே ரீல்ஸில் யாரோ மேசை மேல் விழுவது என்று நினைப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. ஒரு டஜன் மேட்ச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒன்று போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் படி: "பொய்தானே" என்ற கேள்வியை முடித்துவிடுங்கள்

யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவைதான். இதில் ரகசியம் ஏதும் இல்லை. இது பொழுதுபோக்குதான், விளையாட்டுப் போட்டி இல்லை என்று 1989-லேயே நியூ ஜெர்சி மாநிலத்தின் செனட்டில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் பழைய பெயர்) தரப்பே சொல்லிவிட்டது. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் கட்டுப்பாடும் கட்டணமும் வரும். அதிலிருந்து தப்பிக்கத்தான் அந்த வாக்குமூலம். அதுவரை கட்டிக்காத்த பாவனைக்கு அந்தத் தொழிலில் கேஃபேப் என்று பெயர்.

பாரதக்கூத்தில் படுகளத்தன்று துரியோதனன் சாகப் போவது ஊரில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதானே எல்லாரும் வந்து உட்கார்கிறார்கள்? முடிவு தெரிந்தாலும் அவன் எப்படி விழப்போகிறான் என்பதைப் பார்க்கிறார்கள். ரெஸ்லிங்கில் முடிவு நமக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிவு பேசிவைத்தது என்பதால் வலியும் பேசிவைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் கேன்வாஸ். மெத்தை எதுவும் கிடையாது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படும்படி விழப் பழகுவதுதான் அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அப்படி விழுவதை பம்ப் என்பார்கள். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை அப்படி விழுகிறவனின் முதுகெலும்பிடம் போய் நடிப்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது படி: ஐந்தாறு சொற்கள்

நல்லவன் ஃபேஸ். கெட்டவன் ஹீல். எதிராளியின் அடி தன்மேல் எவ்வளவு விழுந்தது, எங்கே வலிக்கிறது என்று உடம்பால் காட்டுவது செல்லிங். இதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் பிடித்துக்கொண்டு தொங்கப்போகிற சொல். ஒவ்வொருவருக்கும் ஆளை முடிக்கிற முத்திரை அடி ஒன்று இருக்கும், அது ஃபினிஷர். எதிராளியின் தோள் இரண்டும் தரையில் படும்படி அமுக்கிப் பிடித்து, ரெஃப்ரி மூன்று எண்ணிவிட்டால் மேட்ச் முடிந்தது. ஒன்று, இரண்டு என்று தட்டி மூன்றுக்குக் கை இறங்குகிற நொடியில் தோளைத் தூக்கித் தப்பித்தால் நியர் ஃபால். இதற்கு மேல் ஐம்பது சொல் இருக்கிறது, பார்க்கப் பார்க்க ஒட்டிக்கொள்ளும். அடிகளின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அது சமையல் பழக வந்தவன் பாத்திரக்கடையில் நிற்பது மாதிரி.

மூன்றாவது படி: 15 நிமிடத்தில் தொடங்குங்கள்

1987 மார்ச் 29, மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் சில்வர்டோம், மூன்றாவது ரெஸ்ல்மேனியா (அந்த நிறுவனத்தின் வருஷாந்திரத் திருவிழா). அன்றைக்கு அரங்குக்கு வந்தவர்கள் 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தக் கணக்கு சரிதானா என்று ரசிகர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். கூட்டம் வந்தது ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்ற ராட்சதனைத் தூக்கிப் போடுவதைப் பார்க்க. நீங்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். அதே இரவில், அதற்கு முன்னால் நடந்த ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட் மேட்ச்தான் உங்கள் முதல் பாடம்.

கதை எளிது. சில மாதங்களுக்கு முன் சாவேஜ், ஸ்டீம்போட்டின் தொண்டையைத் தடுப்புக் கம்பியில் மோதி, அதே தொண்டையில் மணியாலும் அடித்துக் காயப்படுத்தியிருக்கிறான். ரிங் ஓரத்தில் அடிக்கிற அந்த மணிதான். ஸ்டீம்போட் பல வாரம் ஆளையே காணோம். இப்போது பழிவாங்கத் திரும்பி வந்திருக்கிறான். சாவேஜிடம் இன்டர்கான்டினென்டல் பட்டத்தின் பெல்ட். கூடவே அவனுடைய மேனேஜர் மிஸ் எலிசபெத். ஸ்டீம்போட் பக்கம் ஜார்ஜ் ஸ்டீல், பச்சை நாக்கை நீட்டிக்கொண்டு திரிகிற, எலிசபெத் மேல் ஒருதலைக் காதல் கொண்ட கிறுக்கன்.

இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஸ்டீம்போட்டின் கையை மட்டும் கவனியுங்கள். தொண்டையில் அடிபட்டதும் அந்தக் கை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் அங்கேயே இருக்கிறது? பழைய கதை தெரியாதவனுக்குக்கூட இவனுக்குத் தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிடும். வசனம் இல்லாமல் கதை சொல்வது என்றால் இதுதான்.

முடிவைக் கூர்ந்து பாருங்கள். ரெஃப்ரி அடிபட்டு விழுகிறார். சாவேஜ் மேல்கயிற்றிலிருந்து குதித்து முழங்கையை இறக்குகிறான். ஆனால் எண்ணுவதற்கு ஆள் இல்லை. உடனே மணியைத் தேடிப் போகிறான். அதே மணி. ஸ்டீல் குறுக்கே வந்து அவனை மேலேயிருந்து தள்ளிவிடுகிறான். எழுந்து வந்து ஸ்டீம்போட்டைத் தூக்கிப் போடப் பார்க்கிறான். ஸ்டீம்போட் அவனை அப்படியே சுருட்டிக் கீழே போட்டு மடக்கிப் பிடிக்க, ஒன்று, இரண்டு, மூன்று. எந்தப் பொருளால் பகை தொடங்கியதோ அதன் மேல் இருந்த ஆசையாலேயே சாவேஜ் தோற்கிறான். சாவேஜ் தன் பெரிய மேட்சுகளை அடிக்கு அடி எழுதிவைத்து ஒத்திகை பார்ப்பவர். அந்தக் காலத்தில் பலர் முடிவை மட்டும் பேசிவைத்துவிட்டு மீதியை ரிங்குக்குள் காதோடு காதாகச் சொல்லி ஓட்டிவிடுவார்கள். இந்த 15 நிமிடத்தில் ஒரு நொடிகூட வீண் போகாமல் இருப்பதற்கு அந்த நோட்டுப் புத்தகப் புத்திதான் காரணம் என்பது என் எண்ணம்.

நான்காவது படி: ஒரே மேட்சில் நல்லவன் கெட்டவனாவது

இதுவரை நடந்த ரெஸ்லிங் மேட்சுகளில் சிறந்தது எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். 1997 மார்ச் 23, சிகாகோவுக்குப் பக்கத்தில் ரோஸ்மான்ட், ரெஸ்ல்மேனியா 13, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். சப்மிஷன் மேட்ச், அதாவது எதிராளி வாய்விட்டு "விட்டுவிடு" என்று சொன்னால்தான் வெற்றி. ரெஃப்ரியாக நின்றது நிஜ சண்டைப் போட்டிகளிலிருந்து வந்த கென் ஷாம்ராக்.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பிரெட் பல வருஷ ஹீரோ. பிங்க், கறுப்பு உடை, ஒழுங்கானவர், குழந்தைகளிடம் தன் கூலிங் கிளாஸைக் கொடுத்துவிட்டு வருபவர். 1996-இல் பட்டத்தை ஷான் மைக்கேல்ஸிடம் இழந்து, சில மாதம் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வந்தபோது ஊர் மாறிப்போயிருந்தது. எனக்கு அநியாயம் நடக்கிறது என்று வாராவாரம் புலம்ப ஆரம்பித்தார். எதிரே ஆஸ்டின். கெட்ட வார்த்தை, நடுவிரல், யாரையும் மதிக்காத ஆள். ஹீலாகத்தான் வந்தார், கூட்டத்துக்கு ஆளைப் பிடித்துப்போனது.

மேட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் ரிங்கைவிட்டு ஜனத்துக்குள் போய் அடித்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்த பிறகு பிரெட் ஆஸ்டினின் காலைப் பிடித்துக்கொள்கிறார். மரம் வெட்டுகிறவன் ஒரே இடத்தில் கோடாலி போடுவதுபோல அந்தக் கால், அந்தக் கால், அந்தக் கால். இங்கேதான் என் பல்லவியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரெட்டைப் பார்க்காதீர்கள், ஆஸ்டினின் காலைப் பாருங்கள். தான் ஓங்கி அடிக்கிற நேரத்திலும் அவர் அந்தக் காலை ஊன்றாமல் நொண்டுகிறார். சாதாரண ரெஸ்லர் தன் முறை வந்ததும் வலியை மறந்துவிடுவான்.

அப்புறம் ரத்தம். நெற்றியிலிருந்து இறங்கி முகம் முழுக்கப் பரவுகிறது. கடைசியில் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடி. ஆளைக் கவிழ்த்துப்போட்டு, இரண்டு காலையும் பின்னி மடக்கி, முதுகு மேல் உட்கார்வது. கேமரா ஆஸ்டினின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கிறது. வாயைத் திறந்து கத்துகிறார், பல்லிடுக்கில் ரத்தம் வழிகிறது, ஷாம்ராக் குனிந்து கேட்கக் கேட்க மாட்டேன் என்கிறார். ஒரு தடவை கையை ஊன்றி உடம்பை உந்தி எழுகிறார். பிரெட் தடுமாறுகிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது. ஆனால் பிடி விடவில்லை. திரும்ப அமுங்குகிறார். மயங்கிப்போகிறார். "விட்டுவிடு" என்ற சொல் மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

மேட்ச் முடிந்துவிட்டது. நீங்கள் நிறுத்திவிடாதீர்கள், அடுத்த மூன்று நிமிடம்தான் பாடம். ஜெயித்த பிரெட், மயங்கிக் கிடப்பவன் காலை மறுபடி மிதிக்கிறார். ஷாம்ராக் அவரைப் பிடித்து இழுத்துப் போடுகிறார். இரண்டு பேரும் முறைத்துக்கொள்கிறார்கள். பிரெட் மோதாமல் இறங்கிப் போகிறார், போகிற வழியெல்லாம் ஏச்சு. ஆஸ்டின் கைகொடுத்துத் தூக்க வந்த ரெஃப்ரி ஒருவரையும் வீழ்த்திவிட்டு, தானாகவே எழுந்து நொண்டிக்கொண்டே நடக்கிறார். கூட்டம் அவர் பேரைச் சொல்லி ஆர்ப்பரிக்கிறது. உள்ளே வரும்போது யார் நல்லவன் யார் கெட்டவன் என்று இருந்ததோ அது வெளியே போகும்போது தலைகீழ். இதை மைக் பிடித்து யாரும் அறிவிக்கவில்லை. தோற்றவன் எப்படித் தோற்றான் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதைப் பார்த்த கையோடு அதே வருஷம் நவம்பர் 9-இல் மான்ட்ரியலில் பிரெட்டுக்கு நடந்ததைத் தேடிப் படியுங்கள். பேசிவைத்தபடி நடக்கும் என்று நம்பிப் போன மேட்சில், அவருக்குத் தெரியாமலே மணி அடித்துப் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். முடிவு பேசிவைத்தது என்ற தொழிலில், பேச்சை மீறுவதுதான் ஆகப்பெரிய துரோகம். அது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.

ஐந்தாவது படி: கூட்டத்தைக் கேளுங்கள்

இந்த மேட்சை ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். 2002 மார்ச் 17, டொரன்டோ ஸ்கைடோம், ராக்கும் ஹல்க் ஹோகனும். ஹோகனுக்கு அப்போது 48 வயது. அடி வகையென்று எண்ணினால் பத்தைத் தாண்டாது. ரெஸ்லிங் நுணுக்கம் என்று பார்த்தால் ரொம்ப சுமார்.

ஆனால் ஹீலாக வந்த ஹோகனை டொரன்டோ ஜனம் ஹீலாக ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. அவர்கள் சின்ன வயசில் பார்த்த ஆள் ஆயிற்றே. ராக் தொட்டாலே ஏச்சு. ரிங்குக்குள் இருந்த இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு, பாதியிலேயே தங்கள் பாத்திரங்களை மாற்றிக்கொள்வதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ராக் கொஞ்சம் கொஞ்சமாகத் திமிர் காட்டுகிறார், ஹோகன் பழைய ஹோகனாகிறார். ஜெயித்தது என்னவோ ராக்தான். மேடைக் கச்சேரியில் ரசிகர் தலையாட்டுவதைப் பார்த்துப் பாடகர் அந்த இடத்திலேயே நின்று நிரவல் செய்வார் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

கூட்டத்தின் ருசி பிடித்துப்போனால் 2011 ஜூலை 17, சிகாகோவுக்குப் பக்கத்தில் அதே ரோஸ்மான்ட்டில் சிஎம் பங்க் ஜான் சீனாவை எதிர்த்த மேட்சையும் பாருங்கள். பங்க் சிகாகோக்காரர். அன்றைக்கு ராத்திரியோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, பெல்ட்டோடு வெளியே போய்விடுவாரோ என்பதுதான் கதை. சொந்த ஊர் ஒரு ஆளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினால் எப்படி இருக்கும் என்று அங்கே கேட்கலாம்.

ஆறாவது படி: நியர் ஃபால்

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு வதந்தி ஓடியது. உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டனில் நடந்த ரெஸ்ல்மேனியா 25-ஐப் பார்த்தால் அந்த வதந்தியில் தப்பில்லை என்று தோன்றும். ரெஸ்ல்மேனியாவில் அதுவரை 16 தடவை இறங்கி 16 தடவையும் ஜெயித்தவர் அண்டர்டேக்கர். எதிரில் ஷான் மைக்கேல்ஸ், வெள்ளை உடையில் மேலேயிருந்து இறங்கி வருகிறார். இவர் கறுப்பில் கீழேயிருந்து எழும்பி வருகிறார். அரை மணி நேரம்.

முதல் பத்து நிமிடம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அண்டர்டேக்கர் மேல்கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறார். மைக்கேல்ஸ் ஒரு கேமராக்காரரை இழுத்துக் குறுக்கே விடுகிறார். (கேமராக்காரர் வேடத்தில் நின்றவரும் ஒரு ரெஸ்லர்தான்.) ஏழடிக்கு நெருக்கமான மனிதர் தலைகுப்புற விழுகிற அந்த விழுகை நினைத்தபடி நடந்ததல்ல. இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஃபினிஷர்கள். ஒவ்வொன்றுக்கும் மற்றவர் தோளைத் தூக்கித் தப்பிக்கிறார். அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் விழுந்தால் ஆள் முடிந்தான் என்பது அவ்வளவு காலம் இருந்த சட்டம். மைக்கேல்ஸைத் தலைகீழாகப் பிடித்து இறக்குகிறார், கையை நெஞ்சில் மடக்கிவைக்கிறார், ஒன்று, இரண்டு... தோள் எழும்புகிறது. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி அண்டர்டேக்கரின் முகத்தைப் பாருங்கள். கண் அகன்று, வாய் பிளந்து, செத்தவன் பேசியதைக் கேட்டவன் போல இருப்பார். பல வருஷமாக முகத்தில் ஒன்றையுமே காட்டாமல் சேமித்துவைத்த ஆள், சேமித்ததையெல்லாம் அந்த ஒரு பார்வையில் செலவழித்துவிட்டார்.

நல்ல நியர் ஃபாலுக்கும் மலிவான நியர் ஃபாலுக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் வாராந்திர நிகழ்ச்சியிலேயே ஆளுக்கு மூன்று ஃபினிஷர் வாங்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அடிக்கடி மீறினால் அது சட்டமாகவே இருக்காதே. முடிவை நான் சொல்லப்போவதில்லை. மைக்கேல்ஸ் கடைசியாகக் கயிற்றின் மேலிருந்து பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும்போது இமைக்காமல் இருங்கள், அவ்வளவுதான். மறு வருஷமே இந்த இருவரும் மறுபடி மோதினார்கள், தோற்றால் மைக்கேல்ஸ் ஓய்வுபெற வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் மச்சான் அந்த இரண்டாவதுதான் உசத்தி என்று அடித்துப் பேசுவான். பேசட்டும்.

ஏழாவது படி: முகமூடி, பிறகு பெண்கள்

அப்பத்தாவின் முகமூடிப் பொடியனுக்கு வருவோம். 1997 அக்டோபர் 26, லாஸ் வேகாஸ், டபிள்யூடபிள்யூஎஃப்புக்குப் போட்டியாக இருந்த டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தின் ஹாலோவீன் ஹேவக் நிகழ்ச்சி. எடி கெரேரோவுக்கு எதிராக ரே மிஸ்டீரியோ, ஊதா நிற முழு உடையில். எடி தோற்றால் பெல்ட் போகும், ரே தோற்றால் முகமூடி போகும். மெக்சிகோவில் முகமூடி என்றால் மானம். எல் சான்டோ என்ற பெரும்புள்ளி 1984-இல் இறந்தபோது அவரை முகமூடியோடுதான் புதைத்தார்கள். அதனால்தான் எடி மேட்ச் நடுவே அந்த முகமூடியைப் பிடித்துக் கிழிக்கப் பார்க்கும்போதெல்லாம் நமக்குப் பதறுகிறது. ரே பறப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் எடியைப் பாருங்கள். பறக்கிறவனைத் தாங்கிப் பிடித்து, சரியான இடத்தில் நின்று, அடி பலமாகப் பட்டதுபோல் விழுந்து, அதே சமயம் முழுக் கூட்டமும் தன்னை வெறுக்கும்படியும் பார்த்துக்கொள்கிற வேலை அவருடையது. 14 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பெண்கள் மேட்ச் என்றால் பல வருஷம் அமெரிக்காவில் மூன்று நிமிட இடைவேளை மாதிரிதான் நடத்தினார்கள். அந்த வழக்கத்தை உடைத்ததில் 2015 ஆகஸ்ட் 22, புரூக்ளினில் சாஷா பேங்க்ஸும் பெய்லியும் மோதியதற்குப் பெரிய பங்கு உண்டு. பெய்லியின் கை ஏற்கெனவே அடிபட்ட கை என்பதுதான் கதை. சாஷா அந்தக் கையை எப்படியெல்லாம் மிதிக்கிறாள் பாருங்கள்.

தள்ளிவைக்க வேண்டியவை

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க், ஹெல் இன் எ செல் என்கிற கூண்டு மேட்ச். அண்டர்டேக்கர் மிக் ஃபோலியை 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து மேசை மேல் தள்ளிவிடுவதை நீங்கள் ரீல்ஸில் எப்படியும் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுகிறார்கள். நான் கூடாது என்பேன். தள்ளிவிட்டது பேசிவைத்தது. அதன் பிறகு கூண்டின் கூரை பிய்ந்து ஃபோலி உள்ளே விழுந்தது பேசிவைத்ததல்ல, கூரை தாங்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். முதலிலேயே இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் எவன் விழுந்தாலும் எத்தனை அடி உயரம் என்று கேட்கிற புத்தி வந்துவிடும்.

பல மணி நேர ரெஸ்ல்மேனியாவை முழுசாகப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், அலுத்துவிடும். இன்னொன்று: கிறிஸ் பென்வா என்ற பெயரைப் பழைய பட்டியல்களில் பார்ப்பீர்கள். அபாரமான ரெஸ்லர். 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மேட்சுகளை நான் இப்போது பார்ப்பதில்லை. மற்றவர்கள் பார்ப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

எங்கே பார்ப்பது

இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து டபிள்யூடபிள்யூஇ நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. பழைய மேட்சுகளை நிறுவனமே தன் யூடியூப் சேனல்களில் முழுதாகப் போடுகிறது, அங்கே முதலில் தேடுங்கள். ஜப்பானின் நியூ ஜப்பான் நிறுவன மேட்சுகளுக்கு நியூ ஜப்பான் வேர்ல்ட் என்ற தனி இணையச் சேவை உண்டு. பத்து நிமிடமாக வெட்டிச் சுருக்கிய ஹைலைட்ஸ் மட்டும் வேண்டாம். அதில் அடி இருக்கும், விழுந்தவன் கிடக்கிற நேரத்தை முதல் வேலையாக வெட்டியிருப்பார்கள்.

கடைசிப் படி: ஜப்பான்

இதற்குள் நட்சத்திரக் கணக்கு உங்கள் காதில் விழுந்திருக்கும். டேவ் மெல்ட்சர் என்ற பத்திரிகையாளர் தன் ரெஸ்லிங் அப்சர்வர் இதழில் மேட்சுகளுக்கு நட்சத்திரம் போடுகிறார். ஐந்துதான் உச்சம் என்று பல காலம் இருந்தது. எதைப் பார்க்கலாம் என்று தேட அந்தப் பட்டியல் நல்ல உதவி. எதை ரசிக்க வேண்டும் என்பதற்கு அதைக் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த சிலவற்றுக்கு அவர் கஞ்சத்தனமாகத்தான் போட்டிருக்கிறார்.

1994 ஜூன் 3, டோக்கியோ நிப்பான் புடோகான், மிட்சுஹாரு மிசாவாவும் தோஷியாக்கி கவாடாவும். பள்ளியில் மிசாவா சீனியர், கவாடா ஜூனியர். சீனியரைத் தாண்டவே முடியாத ஜூனியரின் ஆற்றாமைதான் 36 நிமிடமும். மணியால் அடிப்பது, மூன்றாவது ஆள் நுழைவது எதுவும் கிடையாது. கூட்டம் முதலில் அமைதியாக இருக்கும், பயப்படாதீர்கள், கடைசியில் தரையைத் தடதடவென்று உதைப்பார்கள். கவாடா அடி வாங்கியதும் உடனே விழமாட்டார். ஒரு நொடி நிற்பார், கால் தானாக மடங்கும், அப்புறம் சரிவார். குடிகாரன் படியிறங்குவது மாதிரி. உலகத்திலேயே சிறந்த செல்லிங் அவருடையது என்பது என் கட்சி. மேட்ச் முடிகிறபோது மிசாவா அவரைக் கழுத்தில் விழும்படி இறக்குகிறார். 2009 ஜூன் 13-இல் ஹிரோஷிமாவில் ரிங்கிலேயே விழுந்து மிசாவா இறந்துபோனார் என்று தெரிந்த பிறகு அந்தக் காட்சியை முன்போல் கைதட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை.

கடைசியாக, பட்டம் வைத்திருந்த கஸுசிகா ஒகாடாவும் அதைப் பறிக்க வந்த கென்னி ஒமேகாவும். நான்கு மேட்சுகள், அதே வரிசையில் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம்: 46 நிமிடம் 45 நொடி, மெல்ட்சர் ஐந்தைத் தாண்டி ஆறு நட்சத்திரம் போட்டது இதற்குத்தான். ஒமேகாவின் ஃபினிஷர் இதில் ஒரு தடவைகூட விழாது. ஒகாடா ஒவ்வொரு தடவையும் நழுவிவிடுவார். ஜூன் 11-இல் அது விழும், ஆனால் ஒகாடாவின் கால் கயிற்றைத் தொட்டுவிடும், எண்ணிக்கை செல்லாது. 60 நிமிடம் முடிந்து சமன். ஆகஸ்ட் 12-இல் ஒமேகா ஜெயிப்பார், ஆனால் அன்றைக்குப் பட்டம் பணயத்தில் இல்லை. ஒரே ஒரு அடியை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஆளை ஏங்கவைத்தார்கள்.

நான்காவது 2018 ஜூன் 9, ஒசாகா. மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், நேர வரம்பு கிடையாது. ஒகாடா 720 நாளாகப் பட்டத்தை வைத்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், இடையில் எழுந்து டீ போடுவதென்றால் இரண்டாவது சுற்று முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது தொடங்குவதற்குள் போனை எடுத்துப்போய் உள்ளறையில் வைத்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு காலே நிற்காது.